பலகைகளுக்குப் பெயர் வைத்தவள்

2008 ஜூலை 6, ஞாயிறு

மழை விட்டு விட்டுப் பெய்கிறது. ஹந்தானை மலைப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. துவைத்தது ஒன்றும் காயவில்லை, நாளைக்குக் கந்தோர் வேலைக்கு எதைக் கட்டுவதோ.

தம்பி விமலன் விடிந்ததிலிருந்து கம்பியூட்டருக்கு முன்னால். முப்பத்தொரு வயது ஆம்பிளை, ரியூசன் வகுப்பில் கணிதம் படிப்பிக்கிறவன், ஞாயிறு முழுக்க ஒரு விளையாட்டைக் கட்டிக்கொண்டிருக்கிறான். கைத்தொலைபேசியில் விளையாடுவதாம். சதுரங்கப் பலகைதான், ஆனால் அறுபத்துநான்கு கட்டத்திலும் நிறக் கற்கள். குதிரை, கோட்டை, மந்திரி எல்லாம் சதுரங்கத்தில் போகிற மாதிரியே போகும். ஒரு காய் நகர்ந்தால், அது விட்ட கல்லும் போய்ச் சேர்ந்த கல்லும் இடம் மாறும். மூன்று ஒரே நிறம் வரிசையில் சேர்ந்தால் மறைந்துவிடும், மேலே இருப்பவை சரிந்து விழும். இப்படிச் சரித்துச் சரித்து ராஜாவைப் பத்திரமாக அடி வரிசைக்கு இறக்க வேண்டும். மொத்தம் பன்னிரண்டு பலகை.

எல்லாவற்றையும் முதலில் சதுரக்கோட்டுக் கொப்பியில் வரைந்து வைத்திருக்கிறான். அம்புக்குறி, எழுத்து, இலக்கம். வெறும் இலக்கம் போட்டால் பிள்ளைகள் விரும்பாது, பெயர் வை என்றேன். நீயே வை என்று கொப்பியைத் தள்ளிவிட்டான். வைத்தேன். மணிக்கூட்டுச் சந்தி, மார்க்கட், வாவிக்கரை, ஸ்டேஷன் என்று எங்கள் ஊர் முழுவதும் வந்துவிட்டது. ஏழாவதுக்கு குட்செட். பின்னேரம் ஐந்து மணிக்கு அந்த பஸ் நிலையத்தில் நெரிபடுகிற மாதிரியே ஒரு பலகை அது. ஒவ்வொரு பெயருக்குக் கீழும் ஒரு வரி விளக்கமும் எழுதினேன். "குட்செட்டில் குதிரையை நிறுத்து. மூன்று சிவப்பு சேர்ந்தால் கோட்டை விழும்." சிங்களப் பிள்ளைகளும் வாங்க வேண்டும் என்று றிஸ்வி சொன்னதால் சிங்களத்திலும் எழுதினேன். றிஸ்வி அலவத்துகொடக்காரர், மார்க்கட் பக்கம் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறார். விளையாட்டை விற்றுத் தருவதாகச் சொன்னவர் அவர்தான். கந்தோரில் பெரிய கடிதங்களுக்கு என் கையெழுத்தைத்தான் கேட்பார்கள். கொப்பியிலும் வடிவாகத்தான் விழுந்தது.

கடைசித் திரையில் "பெயர் வைத்தவர் கமலாசனி" என்று போடுவானாம். பன்னிரண்டையும் வென்றவர்களுக்குத்தான் அது தெரியுமாம். "அப்ப நீ ஒருநாளும் பாக்க மாட்டாய்" என்றான். குரங்கு.

ஜூலை 10, வியாழன்

மதிய இடைவேளை. ஏழாம் பலகையில் நேற்றும் தோற்றேன். ராஜாவை ஒரு மூலையில் பத்திரமாக வைத்துவிட்டு மற்றக் காய்களை ஓட்டுகிறேன். தந்த நகர்வுகள் முடிந்துவிடுகின்றன. "ராஜாவ அசைக்கப் பயப்பிடுறாய் அக்கா. அதுதான் உன்ர பிரச்சினை" என்கிறான் விமலன். ராஜாவை யாராவது முதலில் அசைப்பார்களா? எனக்கென்ன விசரா?

ஆகஸ்ட் 5, செவ்வாய்

விமலனைக் கொண்டுபோய்விட்டார்கள்.

ஆகஸ்ட் 7, வியாழன்

பெரஹரா ஊர்வலத்துக்கு முன்பு ஊர் முழுக்கச் சோதனை. எங்கள் வீட்டுக்குப் பொலிஸ் வந்தது செவ்வாய் காலை ஆறரைக்கு. பொலிஸ் பதிவுத் துண்டு, அடையாள அட்டை எல்லாம் சரியாக இருந்தன. போகப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஒருவர் அலுமாரியைத் திறந்து சதுரக்கோட்டுக் கொப்பியை எடுத்தார். புரட்டினார். கட்டங்கள், அம்புக்குறிகள். பிறகு சிங்களத்தில் இருந்ததை நின்ற நிலையில் சத்தமாக வாசித்தார். குட்செட்டில் குதிரையை நிறுத்து. மூன்று சிவப்பு சேர்ந்தால் கோட்டை விழும்.

அவர் குரலில் கேட்டபோதுதான் நான் என்ன எழுதியிருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது.

யார் எழுதியது என்று கேட்டார்கள். விமலன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. நான், என்றான். என்னைப் பார்த்துக் கேட்டார்கள், இது பற்றி உனக்கு ஏதும் தெரியுமா என்று. நான் கதவோடு ஒட்டி நின்றேன்.

தெரியாது என்றேன்.

கம்பியூட்டரையும் கொண்டுபோனார்கள். நான் நாட்குறிப்பு எழுதும் இந்தக் கொப்பி என் கைப்பையில் இருந்தது. கைப்பையை அவர்கள் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கொழும்புக்கு மாற்றிவிட்டார்களாம். எங்கே என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

கொழும்பில் விமலனைப் பத்து நிமிடம் காட்டினார்கள். இரண்டு கம்பி வலை, நடுவில் ஒரு பொலிஸ்காரர். தமிழில் பேச விடவில்லை. எங்கள் இருவருக்கும் சிங்களத்தில் என்ன பேசுவதென்றே தெரியவில்லை. சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், குளிர்கிறதா, இல்லை. அவ்வளவுதான். ஆறு மணித்தியாலம் ரயிலில் போய் வந்தது இதற்கு.

செப்டம்பர் 14, ஞாயிறு

றிஸ்வி வந்தார். அவரிடம் விளையாட்டின் ஒரு பிரதி சிடியில் இருக்கிறதாம். லோயரிடம் கொடுக்கிறேன் என்றார். உங்களுக்கும் பிரச்சினை வருமே என்றேன். "வரட்டும் அக்கா. எனக்கும் புள்ளைகள் ஈக்கி, பயமும் ஈக்கி. ஆனா விமலன் என்ன செஞ்சார்னு எனக்குத் தெரியும் தானே" என்றார்.

அவருக்குத் தெரியுமாம். எனக்குத் தெரியாதாம். வெட்கமாக இருந்தது, தேத்தண்ணி ஊற்றப் போகிற சாட்டில் குசினிக்குள் போய் நின்றேன்.

ஒக்டோபர் 3, வெள்ளி

லோயர் நவரட்ணராஜா கூப்பிட்டிருந்தார். வயதானவர், எதையும் மெதுவாகத்தான் சொல்வார். சிடியைப் போட்டுப் பார்த்தார்களாம். விளையாட்டு என்று ஒத்துக்கொள்கிறார்களாம். கட்டங்களும் பொருந்துகின்றனவாம். ஆனால் விளையாட்டில் ஊர்ப் பெயர்கள் இல்லை. அவை கொப்பியில் மட்டும்தான் இருக்கின்றன, குண்டு வைக்கிற இடங்கள் என்கிறார்களாம். விமலன் அவற்றை இன்னும் கம்பியூட்டரில் ஏற்றியிருக்கவில்லை.

"பிள்ளை, இன்னொண்டும் கிடக்கு. கொப்பியில ரெண்டு பேற்ற கையெழுத்து எண்டு கண்டுபிடிச்சிட்டினம். மற்ற ஆள் ஆரெண்டு கேக்கினம். இவர் தான்தான் எல்லாம் எழுதினது எண்டு நிக்கிறார். அந்த மற்ற ஆள் ஆரெண்டு தெரியும் வரைக்கும் விடமாட்டினம்."

சொல்லிவிட்டு மேசையில் கிடந்த கடதாசிகளை அடுக்கத் தொடங்கினார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா?

ஒக்டோபர் 5, ஞாயிறு

எண்பத்துமூன்று ஜூலை. எனக்குப் பதினாறு, விமலனுக்கு ஆறு. பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் எங்களைத் தங்கள் விறகறையில் ஒளித்து வைத்தது. அப்பாவின் மருந்துக்கடை எரிந்த மணம் அங்கே வரைக்கும் வந்தது. மதிலுக்கு வெளியே ஆட்களின் சத்தம். விமலன் அழப் பார்த்தான். உள்ளங்கையால் அவன் வாயைப் பொத்தினேன். கடித்தான். நான் கையை எடுக்கவில்லை. ஆட்கள் போய்விட்டார்கள். அந்தத் தழும்பு இன்னும் பெருவிரலுக்குக் கீழே இருக்கிறது.

வாயை மூடினால் பிழைக்கலாம் என்று அன்றைக்குப் படித்தது. வேறு ஒன்றும் நான் படிக்கவில்லைப்போல.

ஒக்டோபர் 12, ஞாயிறு

பார்த்தேன். விமலனுடைய வலது கை விரல்கள் வீங்கியிருந்தன. கேட்டதற்குக் கதவில் நசிந்தது என்றான்.

இன்று தமிழில் பேச விட்டார்கள். ஏன் என்று பிறகுதான் விளங்கியது. பக்கத்தில் நின்றவருக்குத் தமிழ் தெரியும். விமலன் என்னை நேரே பார்த்து, பாடம் ஒப்பிக்கிற மாதிரிச் சொன்னான். "கொப்பி முழுக்க நான்தான் எழுதினனான். பெயர்களும் நான்தான் போட்டனான். உனக்கு அதுகளப் பற்றி ஒண்டும் தெரியாது அக்கா."

நான் தலையை ஆட்டினேன். கடவுளே, தலையை ஆட்டினேன்.

ஒக்டோபர் 21, செவ்வாய்

கந்தோரில் என் எழுத்தை மாற்றிக்கொண்டு வருகிறேன். இடது பக்கம் சாய்த்து, சுழிகளைச் சின்னதாக்கி. பொலிஸ் வந்து கோப்புகளை எடுத்துப் பார்த்தால் என்ன செய்வது? கந்தோர்ப் பெரியவர் ஒரு கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார், என்ன மிஸ், கைக்கு என்ன நடந்தது என்று கேட்டு. வாதம் என்றேன். எனக்கு வாதம், அவனுக்குக் கதவில் நசிந்தது. நல்ல அக்காவும் தம்பியும்.

இந்தக் கொப்பியில் மட்டும்தான் பழைய எழுத்து.

நவம்பர் 3, திங்கள்

லோயர் வீட்டுக் கேற் வாசல் வரை போனேன். திரும்பி வந்தேன்.

நவம்பர் 17, திங்கள்

இன்றும் சொல்லவில்லை.

டிசம்பர் 1, திங்கள்

சொல்லவில்லை. அரசாங்க உத்தியோகம், வேலை போய்விடும் என்று எனக்கு நானே காரணம் சொல்கிறேன். பொய். வேலை போனால் போகட்டும். அந்த அறைகளுக்குள் போகப் பயம். எனக்கு அடி தாங்காது. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை. அவனுக்குத் தாங்கும், எனக்குத் தாங்காது என்று ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 24, புதன்

சொல்லவில்லை.

2009 ஜனவரி 2, வெள்ளி

டவுனில் பட்டாசு. கிளிநொச்சி பிடிபட்டதாம். வீட்டுக்காரி சந்திரிகா ஜன்னலைச் சாத்திக்கொள்ளச் சொன்னார். இவ்வளவு நாளும் முகம் பார்க்காதவர், அதை மட்டும் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

ஜனவரி 18, ஞாயிறு

விமலனுக்கு இடது காது கேட்கவில்லை.

அவன் சொல்லவில்லை. நான் பேசப் பேச வலது பக்கத்தைத் திருப்பித் திருப்பித் தந்தான். முதலில் எனக்கு விளங்கவில்லை, என்னைப் பார்க்கப் பிடிக்காமல் முகத்தைத் திருப்புகிறான் என்று நினைத்தேன். பிறகு விளங்கியது.

என்ர பிள்ளை. நான் வளர்த்த பிள்ளை. ஒரு பெயருக்காக அடிக்கிறாங்கள், அந்தப் பெயர் என்ர பெயர், அது இஞ்ச கதிரையில குந்தியிருந்து தேத்தண்ணி குடிக்குது.

பெப்ரவரி 7, சனி

லோயரிடம் சொல்லிவிட்டேன். நானாகப் போனேன். நான்தான் பெயர் வைத்தேன், விளக்கமும் நான்தான் எழுதினேன் என்றேன். அவர் திடுக்கிடவில்லை. "தெரியும் பிள்ளை. நீங்கள் எனக்கு விலாசம் எழுதித் தந்த துண்டு இன்னும் என்னட்டக் கிடக்கு" என்றார்.

ஆனால் வெறும் வாக்குமூலம் போதாதாம். தம்பியைக் காப்பாற்ற அக்கா பொய் சொல்கிறாள் என்பார்கள், அல்லது இருவரும் கூட்டு என்பார்கள். எதற்காகப் பெயர் வைத்தேன் என்பதற்கு ஏதும் அத்தாட்சி இருக்கிறதா என்று கேட்டார்.

பஸ்ஸில் வரும்போதுதான் நினைவு வந்தது. ஜூலை 6. நாள் போட்டு எழுதியிருக்கிறேன். அதே பேனை, அதே மை, அதே கை. பிடிபடுவதற்கு ஒரு மாதம் முன்பு. கோட்டை விழும் என்ற வரி, கடைசித் திரை, குரங்கு, எல்லாம் இருக்கிறது.

பெப்ரவரி 9, திங்கள். போயா, பௌர்ணமி விடுமுறை

காலையிலிருந்து இந்தக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறேன்.

ஜூலைப் பக்கத்தை மட்டும் கொடுக்கலாம் என்று முதலில் நினைத்தேன். தனித் தாளைக் கொடுத்தால் நேற்று எழுதியது என்பார்களாம். கொப்பி முழுதாக இருக்க வேண்டும் என்று லோயர் சொல்லிவிட்டார். சரி, ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரைக்கும் உள்ள தாள்களை மட்டும் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். கத்தரிக்கோலும் எடுத்தேன். அப்போதுதான் பார்த்தேன், இது நடுவில் தைத்த கொப்பி. பின்னுக்கு ஒரு தாளைக் கழற்றினால் முன்னுக்கு அதன் மறுபாதி கழன்று வரும். டிசம்பர்த் தாளை இழுத்துப் பார்த்தேன். ஜூலைத் தாள் அசைந்தது.

ஆக, எல்லாவற்றையும் கொடுக்க வேண்டும். தெரியாது என்றது. தலையை ஆட்டியது. எழுத்தை மாற்றியது. அவனுக்குத் தாங்கும் என்று போட்ட கணக்கு. "எல்லாம் வாசிப்பினம் பிள்ளை" என்று லோயர் சொன்னார். வாசிக்கட்டும். விமலன் வாசிக்காமல் இருந்தால் போதும்.

நாளைக் காலை லோயரும் நானும் கொப்பியோடு கொழும்புக்கு ரயிலில் போகிறோம். மாற்றுத் துணி இரண்டு, சவர்க்காரம், துவாய் வைத்திருக்கிறேன். சந்திரிகாவிடம் வீட்டுக் கதவின் திறப்பைக் கொடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

2009 செப்டம்பர் 26, சனி

கொப்பி இன்று தபாலில் திரும்பி வந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் ஊதா முத்திரை, ஓரத்தில் யாரோ போட்ட பக்க எண். சில வரிகளுக்குக் கீழே சிவப்புக் கோடு. சிங்களத்தில் சிறு குறிப்புகள். "குரங்கு" என்பதற்கு நேரே ஒரு கேள்விக்குறி.

எழுதலாமா என்று தெரியவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

என்னைப் பதினொரு நாள் வைத்திருந்தார்கள். அடிக்கவில்லை. ஒரு கதிரையில் இருத்தி ஒவ்வொரு வரிக்கும் விளக்கம் கேட்டார்கள், அவ்வளவுதான். இவ்வளவுக்காகவா ஆறு மாதம் வாயை மூடியிருந்தேன் என்று அங்கே வைத்து அழுதேன். வேலையிலிருந்து இடைநிறுத்தம். மே மாதத்தில் யுத்தம் முடிந்தது என்று ரோட்டெல்லாம் பாற்சோறு கொடுத்தார்கள். எனக்கும் கொடுத்தார்கள், வாங்கினேன்.

விமலனை ஆகஸ்ட் கடைசியில் விட்டார்கள். குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை என்று ஒரு கடிதம், அதில் அவன் பெயரும் பிழை. இரண்டு நாள் வீட்டில் இருந்தான். நான் போட்டதைச் சாப்பிட்டான், நான் கேட்டதற்குப் பதில் சொன்னான். மூன்றாம் நாள் பையைத் தூக்கினான். றிஸ்வி அலவத்துகொடவில் ஒரு அறை தருகிறாராம், அங்கே இருந்து கடைக்கு வேலை செய்யப் போகிறானாம். வாசலில் நின்று, கேட்கிற காதை என் பக்கம் திருப்பாமலே சொன்னான்.

"உன்ர கொப்பிய எனக்கு வாசிச்சுக் காட்டினவங்கள் அக்கா. ஒவ்வொரு நாளா."

ஒக்டோபர் 18, ஞாயிறு

நவம்பர் 3. நவம்பர் 17. டிசம்பர் 1. டிசம்பர் 24. அவனுக்கு வாசித்த மாதிரி நானும் எனக்கு வாசித்துப் பார்த்தேன். ஒரு தரத்துக்கு மேல் முடியவில்லை.

2010 ஜனவரி 10, ஞாயிறு

வரவில்லை. பொங்கலுக்கு வருவானா என்று றிஸ்வியிடம் கேட்டனுப்பினேன்.

ஜனவரி 14, வியாழன்

ஒரு பிடி அரிசி போட்டுப் பொங்கினேன். அதுவும் மிஞ்சியது.

ஏப்ரல் 10, சனி

றிஸ்வி வந்தார். பழைய போன் ஒன்று கொண்டுவந்து மேசையில் வைத்தார். "விமலன் குடுக்கச் சொன்னார். வேற ஒன்னும் சொல்லல்ல. நானும் கேக்கல்ல" என்றார்.

போனில் அந்த விளையாட்டு. பன்னிரண்டு பலகை. பெயர்கள் எல்லாம் இருந்தன, நான் வைத்த பெயர்கள், ஒரு எழுத்து மாறாமல். மணிக்கூட்டுச் சந்தி, மார்க்கட், வாவிக்கரை. முதலாம் பலகையைத் திறந்துவிட்டு நெடுநேரம் ஒன்றையும் தொடவில்லை.

ஏப்ரல் 21, புதன்

குட்செட்டில் நிற்கிறேன். இருபது தடவையாவது தோற்றிருப்பேன்.

ஏப்ரல் 25, ஞாயிறு

வழக்கம் போல ராஜாவை மூலையில் விட்டு, வழக்கம் போலத் தோற்றேன். சலித்துப்போய் அடுத்த ஆட்டத்தில் முதல் நகர்வாக ராஜாவையே ஒரு கட்டம் முன்னால் தள்ளினேன். மூன்று சிவப்பு சேர்ந்தது. கோட்டை விழுந்தது. வழி திறந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பு அவன் சொன்னது அதுதான்.

மே 8, சனி

பன்னிரண்டும் முடிந்தது, காலை பத்தேகாலுக்கு. ராஜா அடி வரிசையில் இறங்கியதும் திரை கறுப்பானது. என் பெயர் இருக்குமா, இருக்காதா? இருந்தால் மன்னித்துவிட்டான், இல்லாவிட்டால் இல்லை என்று எனக்குள் முடிவு கட்டி வைத்திருந்தேன்.

வெள்ளை எழுத்தில் இரண்டு வரி வந்தது.

செய்தவர் விமலநாதன்.

பெயர்களும் நான்தான் போட்டனான்.

கம்பி வலைக்கு அப்பால் நின்று என்னைப் பார்த்துச் சொன்ன அதே சொற்கள். இன்னும் என்னை ஒளித்து வைக்கிறானா? அல்லது இப்படியே ஒளிந்துகொண்டு இரு, உனக்கு அதுதான் வரும் என்கிறானா? திரும்பத் திரும்ப வாசித்தேன். திரையில் இருந்து ஒன்றும் தெரியவில்லை. அவன் வாயைப் பார்த்தால்தான் தெரியும்.

நாளை ஞாயிறு. மாத்தளை பஸ்ஸில் ஏறினால் அலவத்துகொடவில் இறங்கலாம். அவனுடைய வலது பக்கமாகப் போய் நிற்க வேண்டும். இந்தக் கொப்பியைக் கொண்டுபோகவில்லை. சொல்ல வேண்டியதை வாயால் சொல்ல வேண்டும்.